ஆள் அனுப்பினால் கமிஷன்: பலகாரத் தொழிலில் நான் பட்ட பாடு

மாடி வீட்டு அக்கா என்னோடு பேச்சை நிறுத்தி எட்டு மாதம் ஓடியது. காரணம் 480 ரூபாய். கொடுக்க வேண்டியதைக் கொடுக்காமல் இழுத்தடித்தேன் என்று நினைத்துவிடாதீர்கள். கொடுத்தேன், அதனால்தான் வந்தது வினை. அது நடந்தது பாதியில். முதலில் இருந்தே சொல்கிறேன். வீட்டில் இருந்தபடியே தொழில் செய்யும் பெண்கள் இரண்டு மூன்று பேர் சமீபத்தில் என்னிடம், "ஆர்டர் பிடிச்சுக் குடுக்கிறவங்களுக்கு எவ்வளவு குடுக்கலாம்?" என்று கேட்டார்கள். எனக்கு அன்றைக்கு இதைக் கேட்க ஆள் இல்லை. கேட்க வேண்டும் என்றே தோன்றவில்லை என்பதுதான் உண்மை.

நாங்கள் இருப்பது மதுரை. 2020 ஊரடங்கில் வீட்டுக்காரரின் சம்பளம் பாதியானது. அத்தைக்குக் கை முறுக்கு நன்றாக வரும், எனக்குத் தேன்குழலும் அதிரசமும் ஓரளவு வரும். தெருவில் நாலு வீட்டுக்குச் சுட்டுக் கொடுக்க ஆரம்பித்தோம். உணவுப் பாதுகாப்புப் பதிவை ஆன்லைனிலேயே வருஷத்துக்கு 100 ரூபாய் கட்டி வாங்கினேன். ஆண்டு விற்பனை 12 லட்சம் வரை அந்த அடிப்படைப் பதிவு போதும் என்று அப்போது விதி இருந்தது. ஒரு வருஷம் அப்படியே போனது. 2021 ஆவணியில்தான் முதல் சீர் பலகாரம். மாடி வீட்டு அக்காவின் நாத்தனார் வீட்டுக் கல்யாணம். 101 தேன்குழல், 101 அதிரசம், 101 ரவா லட்டு. அக்காதான் சொல்லி விட்டார். அதற்கு அவர் பைசா கேட்கவில்லை, எனக்கும் கொடுக்க வேண்டும் என்று தோன்றவில்லை. ஒரு தூக்கு நிறைய அதிரசம் கொண்டு போய்க் கொடுத்தேன். அடுத்த வாரம் தூக்கு திரும்பி வரும்போது உள்ளே மாவடு இருந்தது. கணக்கு அத்தோடு தீர்ந்தது.

அந்தக் கல்யாணத்தில் பெண்ணுக்கு மேக்கப் போட வந்த பியூட்டிஷியன் தங்கச்சி சீர்த் தட்டைப் பார்த்திருக்கிறாள். நம்பர் வாங்கிக் கூப்பிட்டாள். "அக்கா, மாசத்துக்கு எப்படியும் நாலஞ்சு கல்யாண வீடு பாக்குறேன். உங்களைச் சொல்லி விடட்டா? எனக்கு என்ன பாத்துச் செய்வீங்க?" அடுப்பில் எண்ணெய் காய்ந்துகொண்டிருந்தது, ஒரு கையில் போன், ஒரு கையில் உழக்கு. "பதினஞ்சு பர்சென்ட் தர்றேன்மா" என்று சொல்லிவிட்டேன். ஏன் பதினைந்து? சாப்பாடு கொண்டு வரும் ஆப்காரர்கள் கடைகளிடம் இருபது, இருபத்தைந்து பிடிக்கிறார்கள் என்று எங்கேயோ கேள்விப்பட்டிருந்தேன். அதைவிடக் குறைவாகச் சொன்னதில் கெட்டிக்காரத்தனம் செய்துவிட்ட மாதிரி ஒரு நினைப்பு வேறு. ஒன்று மட்டும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். யார் கேட்டாலும் போனில் எண்ணைச் சொல்லாதீர்கள். "நாளைக்குச் சொல்றேன்" என்றால் ஆர்டர் ஓடிப் போகாது. "பாத்துச் செய்றேன்" என்று மழுப்புவதும் கூடாது, அவர் மனதில் ஒரு தொகை இருக்கும், நம் மனதில் ஒன்று இருக்கும், இரண்டும் சந்திக்கிற நாளில் மனஸ்தாபம்தான்.

சரி, பதினைந்து என்றால் உண்மையில் எவ்வளவு? அப்போது தேன்குழல் கிலோ 320க்கு விற்றேன். என் மனக்கணக்கு இப்படி: அரிசி 35, உளுந்து 25, வெண்ணெய் 30, எண்ணெய் 60. ஆக 150. மீதி 170. அதில் கமிஷன் 48 போனாலும் 122 நிற்கும். இந்தக் கணக்கை நம்பி ஒன்பது மாதம் ஓட்டினேன். விட்டுப் போனது என்னென்ன தெரியுமா? கேஸ் கிலோவுக்கு 14. மில்லில் அரைக்கிற கூலி 8. கூட வந்து பிழிந்து கொடுக்கும் அம்மாவுக்குக் கூலி 40. டப்பா, கவர், ஸ்டிக்கர் 13. உடைசல் 10, ஏனென்றால் சீர்த் தட்டுக்கு உடைந்த முறுக்கு ஆகாது. ஆட்டோ 15. இதெல்லாம் கூட்டினால் இன்னொரு 100. அடக்கம் 150 இல்லை, 250. கையில் நிற்பது 70. அந்த எழுபதில்தான் 48ஐ எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து எண்ணெய்ச் சட்டி முன்னால் நிற்கிற எனக்கு 22, போனில் ஒரு வார்த்தை சொன்னவருக்கு 48. அவர்கள் மேல் தப்பில்லை. கேட்டதைக் கேட்டார்கள், கொடுத்தது நான்.

விற்கிற விலையில் இத்தனை சதவீதம் என்று பேசும்போது அது சின்ன எண்ணாகத்தான் தெரியும். அதையே நம் கையில் நிற்கிற பணத்தில் எத்தனை பங்கு என்று பார்த்தால் வயிறு கலங்கும். கமிஷன் பேசுவதற்கு முன்னால் ஒரே ஒரு கிலோவை எடுத்துக்கொண்டு, ஆட்டோ, கவர், நூல், ஸ்டிக்கர் வரை எழுதிக் கூட்டிப் பாருங்கள். கடைசியில் உங்கள் கூலி என்று ஒரு வரி எழுதுங்கள். நான் அந்த வரியை எழுதவே இல்லை. வீட்டில் சும்மா இருக்கிற நேரத்தில் செய்கிறோம், அதற்கு என்ன கூலி என்று இருந்துவிட்டேன். சும்மா இருக்கிற நேரமாம்!

முதல் மூன்று மாதம் தலைகால் புரியவில்லை. பியூட்டிஷியன் வழியாக ஆர்டர், அவள் சொல்லி டெக்கரேஷன் வேலை செய்யும் ஒரு தம்பி வழியாக ஆர்டர், ஒரு மண்டபத்து மேனேஜர் வழியாக ஆர்டர். எல்லோருக்கும் அதே பதினைந்து. ஆளை வைத்து வேலை வாங்கினேன், இரண்டாவது அடுப்பு வாங்கினேன். பணம் புழங்குவதைப் பார்த்து லாபம் என்றே நம்பினேன். அத்தை மட்டும் ஒருநாள் அதிரச மாவைப் பிசைந்துகொண்டே, "ஊருக்கெல்லாம் உழைச்சு ஊருக்கே கூலியும் குடுக்கிறவளை இப்பத்தான் பாக்குறேன்" என்றார். கோபம் வந்தது. பழைய காலத்து மனுஷி, தொழில் தெரியாது என்று நினைத்துக்கொண்டேன்.

கார்த்திகையில்தான் அந்த 480. மாடி வீட்டு அக்கா தன் கூடப் படித்த ஒருவரை அனுப்பினார், வளைகாப்புக்குப் பத்துக் கிலோ. மற்றவர்களுக்கெல்லாம் கொடுக்கிறோமே, அக்காவுக்கு மட்டும் கொடுக்காமல் இருந்தால் நியாயமா என்று எனக்கு ஒரே உறுத்தல். கவரில் 480 ரூபாய் போட்டு, மேலே "நன்றி" என்று எழுதி, மாடி ஏறிப் போய்க் கொடுத்தேன். அக்கா கவரைப் பிரித்துப் பார்த்தார். முகம் மாறியது. "இதுக்குத்தான் நான் ஆள் அனுப்புறேன்னு நினைச்சியா?" என்றார். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை, கவரை டீப்பாயில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார். எடுத்துக்கொண்டு வருவதா, விட்டுவிட்டு வருவதா என்று தெரியாமல் கொஞ்ச நேரம் நின்றேன். விட்டுவிட்டு வந்தேன். மறுநாள் அந்தக் கவர் எங்கள் வீட்டுக் கதவுக் கைப்பிடியில் செருகி இருந்தது. பிறகுதான் விஷயம் காதுக்கு வந்தது. அவருடைய சிநேகிதியிடம் யாரோ, "அவங்களுக்கு அதுல கமிஷன் இருக்கு, அதான் அனுப்புறாங்க" என்று சொல்லியிருக்கிறார்கள். நல்ல எண்ணத்தில் சொன்ன வார்த்தைக்கு என் கவர் விலை போட்டுவிட்டது.

இதில் நான் புரிந்துகொண்டது என்னவென்றால், சொல்லி விடுகிறவர்கள் இரண்டு ஜாதி. மேக்கப், மண்டபம், பூ அலங்காரம் என்று கல்யாணத் தொழிலிலேயே இருப்பவர்களுக்கு இது வரும்படி. அவர்களுக்குப் பணம்தான், அதிரசம் கொடுத்து அனுப்பினால் சிரிப்பார்கள். பிரியத்தில் சொல்லி விடுகிறவர்களுக்குப் பணம் நீட்டினால் அவர்கள் வார்த்தைக்கே மதிப்புப் போய்விடும். இரண்டுக்கும் நடுவில் சிலர் உண்டு, தூரத்துச் சொந்தம், குழந்தையின் ஸ்கூல் தோழியின் அம்மா மாதிரி. அவர்களிடம் நேராகக் கேட்பதுதான் வழி. "நீங்க ஆள் அனுப்புறதுக்கு நான் பணமா செய்யட்டுமா, பலகாரமா செய்யட்டுமா?" என்று சிரித்துக்கொண்டே கேட்டுவிடுகிறேன் இப்போது. ஒருவர்கூடக் கோபித்துக்கொண்டதில்லை. பணம் வேண்டும் என்று வெட்கப்படாமல் சொன்னவர்கள் உண்டு, அதுவும் நல்லதுதான்.

மார்கழியில் வேலை இல்லை. தை முகூர்த்தங்களுக்குப் புக்கிங் மட்டும் வந்துகொண்டிருந்தது. மூன்று பெரிய ஆர்டர்: 24,000, 16,000, 20,000. பியூட்டிஷியனும் டெக்கரேஷன் தம்பியும், "அட்வான்ஸ் வந்துடுச்சுல்ல, எங்களுக்கும் இப்பவே குடுத்துடுங்க" என்றார்கள். மொத்தம் 60,000க்குப் பதினைந்து, 9,000. கொடுத்துவிட்டேன். ஜனவரி 2022 பிறந்தது, ஒமிக்ரான் பரவியது. ராத்திரி ஊரடங்கு, ஞாயிற்றுக்கிழமை முழு ஊரடங்கு, கல்யாணத்துக்கு 100 பேர்தான் என்று அரசு கட்டுப்பாடு கொண்டுவந்தது. அந்த மாதம் முகூர்த்தம் பார்த்திருந்தவர்களின் நிலைமையை யோசித்துப் பாருங்கள். 24,000 ஆர்டரும் 16,000 ஆர்டரும் நின்றே போயின. 20,000 ஆர்டர் 8,000 ஆகச் சுருங்கியது. அட்வான்ஸைத் திருப்பிக் கொடுத்தேன், சரக்கு வாங்கவில்லை, கல்யாணமே தள்ளிப் போனவர்களிடம் எப்படிப் பிடித்துக்கொள்வது? ஆனால் நான் கொடுத்த கமிஷனில் 7,800 ரூபாய் நடக்காத விற்பனைக்குப் போன பணம். திருப்பிக் கேட்க எனக்கு நாக்கு எழவில்லை. இரண்டு வாரம் கழித்து ஒரு மெசேஜ் போட்டேன், அதை நாலு தடவை எழுதி அழித்து. டெக்கரேஷன் தம்பி தன் ஆர்டருக்கு வாங்கிய 2,400ஐ அன்றைக்கே அனுப்பிவிட்டான், "சாரிக்கா, நானே குடுத்திருக்கணும்" என்று. அவனுக்கும் அந்த மாதம் வேலை இல்லை என்று எனக்குத் தெரியும். மற்ற 5,400 வரவே இல்லை. "அடுத்த ஆர்டர்ல கழிச்சுக்கலாம்" என்றாள் தங்கச்சி, அடுத்த ஆர்டர் வந்தபோது மறந்துவிட்டாள், அல்லது மறந்த மாதிரி இருந்தாள்.

அட்வான்ஸ் நம் பணம் இல்லை. பொருள் போய்ச் சேர்ந்து, முழுப் பணமும் கைக்கு வந்த பிறகுதான் அது விற்பனை. கமிஷனும் அப்போதுதான். இது எனக்கு இப்போது கல்வெட்டு மாதிரி. யார் அழுதாலும் முன்கூட்டிக் கொடுப்பதில்லை. அவசரம் என்று கேட்டால் கடனாகக் கொடுப்பேன், கமிஷன் என்று எழுத மாட்டேன்.

பங்குனியில் விழுந்ததுதான் பெரிய அடி. உக்ரைன் போர் தொடங்கி, சூரியகாந்தி எண்ணெய் விலை ஏறியது. அப்போது நம் நாட்டுக்கு அந்த எண்ணெய் பெரும்பாலும் அங்கிருந்தும் ரஷ்யாவில் இருந்தும்தான் வந்தது. நான் 160க்கு வாங்கிய லிட்டர் 200 ஆனது. கிலோ முறுக்குக்கு 15 ரூபாய் கூடிற்று, அடக்கம் 265. அந்த நேரத்தில் 60 கிலோ ஆர்டர் ஒன்று, பியூட்டிஷியன் அனுப்பியது. பெண் வீட்டார் பேரம் பேசி 300க்கு முடித்தார்கள். பெரிய ஆர்டர் என்று ஒத்துக்கொண்டேன். பலகாரத்தை இறக்கப் போன இடத்தில் மண்டபத்து மேனேஜர், "அண்ணே சொல்லித்தான் இவங்க உங்ககிட்ட வந்தாங்க, தெரியும்ல?" என்றார், தன்னையே அண்ணே என்று சொல்லிக்கொண்டு. நான் பெண்ணின் அம்மாவைக் கேட்டேன். "மேக்கப் பொண்ணும் சொன்னுச்சு, இவரும் சொன்னாரு" என்றார் பாவம். அந்த மண்டபத்தில் இன்னும் ஆர்டர் வர வேண்டுமே என்று அவருக்கு ஐந்து சதவீதம் கொடுத்தேன்.

அன்றைக்கு இரவு முதல்முறையாக நோட்டில் எழுதிக் கூட்டினேன். வந்தது 18,000. செலவு 15,900. மீதி 2,100. கமிஷன் 2,700ம் 900ம், ஆக 3,600. அறுபது கிலோ சுட்டு, மூன்று நாள் தூங்காமல், 1,500 ரூபாய் கைக்காசு போயிருக்கிறது. முதலில் தப்பாகக் கூட்டிவிட்டேன் என்று நினைத்தேன். மறுபடி கூட்டினேன். வீட்டுக்காரர் தூங்கிவிட்டார், அத்தை தூங்கிவிட்டார். அடுப்படியில் எண்ணெய் நாற்றத்தோடு உட்கார்ந்து அழுதேன். சேலையெல்லாம் அந்த நாற்றம், துவைத்தாலும் போகாது.

இன்னொன்றும் அந்த மாதம்தான் தெரிய வந்தது. மேனேஜர் அனுப்பிய ஒரு வாடிக்கையாளர் ஆறு மாதம் கழித்து நேராகக் கூப்பிட்டு, "உங்க விலை 360தானே?" என்றார். நான் அந்த விலை சொன்னதே இல்லை. நடுவில் மேனேஜர் கிலோவுக்கு 40 ஏற்றி வாங்கிக்கொண்டு, என்னிடமும் பதினைந்து வாங்கியிருக்கிறார். வாடிக்கையாளர் பார்வையில் விலை ஏற்றி விற்கிறவள் நான். இதற்கு நான் ஒரு காரியம் செய்திருக்க வேண்டும், விலைப் பட்டியலை அச்சடித்துத் தட்டிலேயே வைத்திருக்க வேண்டும். இப்போது வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் மாதம் ஒருமுறை விலை போடுகிறேன், பணம் நேராக என் எண்ணுக்குத்தான் வர வேண்டும், நடுவில் யாரும் வாங்கித் தரக் கூடாது.

சித்திரையில், இரண்டு வருஷம் கழித்து ஜனங்கள் கூடி அழகர் ஆற்றில் இறங்குவதைப் பார்த்த அந்த வாரத்தில், ஆவணியில் இருந்து மொத்தக் கணக்கையும் எடுத்தேன். ஜிபே பதிவுகள், ரசீது, காலண்டர் ஓரத்தில் கிறுக்கியது எல்லாம் வைத்து. ஒன்பது மாதத்தில் விற்பனை 4,60,000. கமிஷனாகப் போனது 58,200. எனக்கு என்று மிஞ்சியது 31,000, மாதம் 3,500கூட வரவில்லை. போன கமிஷனில் 11,300 ரூபாய், ஒரு தடவை வந்தவர்களே தானாக மறுபடி கூப்பிட்டுக் கொடுத்த ஆர்டர்களுக்கு. முதல் தடவை அனுப்பினதற்காக ஆயுள் முழுக்கக் கொடுக்க வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை, நானும் எப்போது முடியும் என்று பேசவில்லை, அவர்கள் கேட்கக் கேட்கக் கொடுத்திருக்கிறேன். இதோடு திரும்பி வராத 5,400, மேனேஜருக்குக் கொடுத்த 900. கூட்டினால் 17,600. பேச வேண்டிய நேரத்தில் பேசாததற்கு நான் கட்டிய விலை.

இந்தச் சமயத்தில் வீட்டுக்காரரின் நண்பர் ஒருவர் ஒரு யோசனை சொன்னார். "கமிஷனை ரெண்டு லெவலா வைங்க. ஆள் சேர்த்து விடுறவங்களுக்குச் சேர்த்ததுக்கே ஒரு தொகை, அவங்க சேர்த்தவங்களுக்குக் கீழ இன்னொண்ணு, தானா ஓடும்." கேட்கக் கவர்ச்சியாகத்தான் இருந்தது. எங்கள் சொந்தத்தில் கணக்கு எழுதும் தம்பி ஒருவனைக் கேட்டேன். அவன் பதறிவிட்டான். பொருள் விற்றதற்குக் கமிஷன் கொடுப்பது வேறு, ஆள் சேர்த்ததற்குப் பணம் கொடுத்துச் சங்கிலி கட்டுவது வேறு. இரண்டாவதைத் தடை செய்ய 1978லேயே பணச் சுழற்சித் திட்டங்களுக்கு எதிரான மத்தியச் சட்டம் இருக்கிறது, 2021 டிசம்பரில் வந்த நேரடி விற்பனை விதிகளும் பிரமிடு திட்டங்களைத் தடுக்கின்றன என்றான். முறுக்கு விற்கப் போய் அந்த வம்பு எதற்கு? அவனிடமே வரியையும் கேட்டுக்கொண்டேன். கமிஷன் கொடுக்கும்போது டிடிஎஸ், அதாவது அதிலேயே வரியைக் கழித்து அரசுக்குக் கட்டுவது, பிடிக்க வேண்டுமா என்று பயந்துகொண்டிருந்தேன். முந்தைய வருஷ விற்பனை 1 கோடியைத் தாண்டிய தனிநபருக்குத்தான் அது, உங்களுக்கு இல்லை என்று சிரித்தான். ஆனால் கொடுத்த ஒவ்வொரு கமிஷனுக்கும் தேதியும் பெயரும் இருக்க வேண்டும், அப்போதுதான் செலவு என்று காட்ட முடியும் என்றான். ரொக்கமாகக் கொடுப்பதை அன்றோடு விட்டேன்.

வைகாசியில் வேறு கணக்கு போட்டேன். அடக்கம் 265, என் கூலி 30, ஆக 295. விலையை 360 ஆக்கினேன். மீதி 65. அதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெளியே போகக் கூடாது என்று வைத்து, கிலோவுக்கு 20 ரூபாய் என்று நிர்ணயித்தேன். சதவீதமே வேண்டாம் என்று விட்டேன். ரூபாயாகச் சொன்னால் எனக்கும் மண்டையில் ஏறும், அவர்களுக்கும் ஏறும். அதிரசத்துக்குப் பக்குவமும் ஆள் வேலையும் அதிகம், அதற்குப் பத்துதான். பொடி வகைகளில் கொஞ்சம் கூட நிற்கும், அங்கே 40. எல்லாப் பலகாரத்துக்கும் ஒரே அளவு வைத்தது என் பழைய முட்டாள்தனங்களில் ஒன்று. வாடிக்கையாளர் விலை குறைத்துக் கேட்டால், குறைப்பில் பாதி அனுப்பியவர் பங்கில் என்றும் சொன்னேன். அதற்குப் பிறகு, "கொஞ்சம் குறைச்சுக் குடுங்கக்கா, தெரிஞ்சவங்க" என்று சிபாரிசு செய்து வரும் போன் பெரிதும் நின்றுவிட்டது. வேடிக்கைதான்.

யார் அனுப்பினார்கள் என்ற சண்டைக்கும் ஒரு வழி செய்தேன். வாடிக்கையாளர் என்னைக் கூப்பிடுவதற்கு முன்னால், அனுப்புகிறவர் எனக்கு ஒரு வரி மெசேஜ் போட வேண்டும்: வீட்டார் பெயர், என்ன விசேஷம், தேதி. யார் மெசேஜ் முதலில் வந்ததோ அவருக்கு. வாடிக்கையாளரிடமும் முதல் போனிலேயே, "யார் சொல்லி வர்றீங்க?" என்று கேட்டு நோட்டில் எழுதிவிடுவேன். அந்த வீட்டில் இருந்து ஒரு வருஷத்துக்குள் வரும் ஆர்டருக்குக் கமிஷன் உண்டு, நிச்சயம், கல்யாணம், வளைகாப்பு என்று ஒரே வீட்டில் அடுத்தடுத்து வருமே, அது நியாயம். வருஷம் முடிந்தால் முடிந்தது. பணம், மாதம் 5ஆம் தேதி மொத்தமாக ஜிபேயில். இதையெல்லாம் பத்து வரியில் வாட்ஸ்அப்பில் தமிழில் எழுதி எல்லோருக்கும் அனுப்பினேன், "சரி" என்று பதில் போட்டவர்களுக்கு மட்டும்தான் கமிஷன் என்று.

அனுப்பிவிட்டு அன்றைக்கு முழுக்க போனைத் தொடப் பயம். பதினைந்தில் இருந்து கிட்டத்தட்ட ஐந்தரைக்கு இறக்கியிருக்கிறேன், சும்மா இருப்பார்களா? டெக்கரேஷன் தம்பி முதல் ஆளாக "சரிக்கா" என்றான். பியூட்டிஷியன் கூப்பிட்டாள், அரை மணி நேரம் பேசினாள். என் கணக்கு நோட்டைப் போட்டோ எடுத்து அனுப்பினேன். "எங்கிட்ட முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல? உங்களுக்கு நிறைய நிக்குதுன்னு நினைச்சேன்" என்றாள். அது நடிப்பில்லை என்றுதான் நினைக்கிறேன். அந்த 5,400ஐப் பற்றி இரண்டு பேரும் பேசவில்லை. மூன்று மாதம் யாரையும் அனுப்பவில்லை, பிறகு அனுப்ப ஆரம்பித்தாள். மேனேஜர் வேறு ஆளிடம் போய்விட்டார். அந்த மண்டபத்தில் இருந்து எனக்கு இப்போதும் ஆர்டர் இல்லை. அது வலிக்கவில்லை என்று சொன்னால் பொய். ஆனால் அடுத்து வந்த ஆவணியில் பாதி ஆர்டர்தான், மாதக் கடைசியில் எண்ணிப் பார்த்தால் பழைய ஒன்பது மாதத்தில் எந்த மாதமும் கையில் நிற்காத பணம் நின்றது. மதியம் படுத்துத் தூங்கவும் முடிந்தது.

அக்கா கதைக்கு வருகிறேன். ஆடிப்பெருக்கு அன்றைக்கு அதே பழைய தூக்கில் அதிரசம் நிரப்பி, மகனிடம் கொடுத்து அனுப்பினேன். நான் மாடி ஏறத் துணியவில்லை. பையன் வெறும் கையோடு வந்தான், "வாங்கிக்கிட்டாங்கம்மா" என்றான். ஒரு வாரம் ஆயிற்று, பத்து நாள் ஆயிற்று, தூக்கு வரவில்லை. பன்னிரண்டாம் நாள் சாயந்திரம் அக்காவே இறங்கி வந்தார். தூக்கைத் திண்ணையில் வைத்தார், உள்ளே நார்த்தங்காய் ஊறுகாய். உட்கார்ந்து, பெரியவளுக்குத் தையில் கல்யாணம் முடிவாகியிருப்பதைச் சொன்னார். தேன்குழல் 201 வேண்டும், அதிரசம் 201 வேண்டும், கை முறுக்கு அத்தை கையால்தான் வேண்டும். நான் நோட்டை எடுத்து எழுத ஆரம்பித்தேன், பழக்க தோஷத்தில், "யார் சொல்லி வர்றீங்க?" என்று வாய் கேட்டுவிட்டது. அக்கா ஒரு நிமிஷம் என்னைப் பார்த்தார்.

"நான்தான்டி சொன்னேன் எனக்கு. கமிஷனைக் கழிச்சுக்கிட்டு வெலையச் சொல்லு."